மூச்சு வாங்கிய இடத்தில் முற்றுப்புள்ளி

தெளிவாக எழுதுவது எப்படி என்று நான் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். போன மாதம் என் பழைய கம்பெனியிலிருந்து திவ்யா என்ற பெண் போன் செய்தாள். பாதுகாப்புப் பிரிவுக்கு இப்போது அவள்தான் அதிகாரி. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு.

"சார், கேன்டீன்ல பெரிய டிவி வச்சு ஸேஃப்டி மெசேஜ் ஓட்டுதோம். ஒருத்தரும் ஏறிட்டுப் பாக்க மாட்டேங்காவ. ஒங்க காலத்துல ஒரு தாளை ஒட்டினா சோறு ஆறுறதுகூடத் தெரியாம நின்னு படிப்பாவளாமே. பழைய ஃபைல்ல ஒண்ணு கெடைச்சுது சார், பூ கட்டுற பொண்ணைப் பத்தி. படிக்க ஆரம்பிச்சா விட முடியல. அதையே மூணு பிளான்ட்லயும் போடலாம்னு இருக்கோம். நீங்க வந்து எப்படி எழுதுனீங்கன்னு பேசணும்."

பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு மோட்டார் போட்டுவிட்டு அணைக்க மறந்து, தொட்டி வழிந்து, மாடியில் குடியிருப்பவர் வந்து கதவைத் தட்டினார். அந்தத் தாளை நான் எழுதிப் பதினாறு வருடம் ஆகிறது. நான் எழுதியவற்றிலேயே மிக நல்ல தாள் அதுதான். அதை எழுதியதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. புரியாததைப் பற்றி ஒரு மணி நேரம் எப்படிப் பேசுவது? அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

என் ஊர் மத்தூர். பி.ஏ. தமிழ் படித்துவிட்டு, வாத்தியார் வேலை கிடைக்காமல், ஓசூருக்கு பஸ் ஏறினேன். வண்டிகளுக்குத் தகட்டு உதிரிகள் அடிக்கும் கம்பெனி. முதல் ஏழு வருடம் ஸ்டோர்ஸில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எட்டாவது வருடம் ஸ்டோர்ஸ் கதவில் நான் எழுதி ஒட்டிய ஓர் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, பாதுகாப்பு அதிகாரி ருத்ரப்பா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பாராட்டப் போகிறார் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.

ருத்ரப்பாவுக்குத் தாய்மொழி கன்னடம். கர்நாடக எல்லையில் தளிப் பக்கத்துக்காரர். தமிழ் தண்ணீராகப் பேசுவார், ஆனால் சரளமாகப் படிக்க வராது. வேலைக்கு வந்த பிறகு பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றவர். என் அறிவிப்பைப் பிய்த்துக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்தார். "பொருட்களைப் பெற்றுச் செல்ல விழையும் பணியாளர்கள் உரிய படிவத்தினை முறையாகப் பூர்த்தி செய்து" என்று தொடங்கும் அது. விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். "விழையும்" என்ற இடத்தில் நின்றார். மூச்சு விட்டார். மறுபடி படித்தார். "பூர்த்தி" வருவதற்குள் இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டார்.

"மேஷ்ட்ரே" என்றார். கன்னடத்தில் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்குக் கிடைக்காத வேலையை வைத்து அவர் என்னைக் கூப்பிட்டது எனக்குப் பிடித்துப் போய்விட்டது. "இது யாருக்கு எழுதினது? ஹெட் ஆபீசுக்கா, நட்டு வாங்க வர்றவனுக்கா? ரெண்டு நட்டு வேணும்னா இந்தச் சீட்டை நெரப்புங்கன்னு எழுதறதுக்கு என்னா கேடு?"

அன்றிலிருந்து பணி ஓய்வு பெறும்வரை நான் அந்தப் பிரிவில் இருந்தேன். கம்பெனியில் எங்கே அடிபட்டாலும், அடிபடாமல் தப்பினாலும், அதை ஒரு தாளில் எழுதி ஒட்டுவது என் வேலை. ஒட்டும் இடம் ருத்ரப்பா தேர்ந்தெடுத்தது: கேன்டீனில் கை கழுவும் குழாய்களுக்கு மேலே. நோட்டீஸ் போர்டைத் தேடிப் போய் யாரும் படிப்பதில்லை. சோறு தின்ன வருகிறவன் கை கழுவித்தான் ஆக வேண்டும். முன்னால் நிற்பவன் கழுவி முடிக்கும்வரை அவன் கண்ணுக்கு வேறு வேலையும் இல்லை. கம்பெனியில் எல்லோரும் அதை 'குழாய்த் தாள்' என்றே சொன்னார்கள். தமிழ் படிக்கத் தெரியாத தெலுங்குக்காரன் பக்கத்தில் நிற்பவனை முழங்கையால் இடித்து, என்ன எழுதியிருக்கிறது என்பதை, "ஏமி ராசினாடு?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வான்.

தாள் சரியா என்று பார்க்க ருத்ரப்பா ஒரு முறை வைத்திருந்தார். நான் பென்சிலில் எழுதிக் கொண்டுபோவேன். அவர் எழுந்துபோய்க் குழாயில் இரண்டு கையையும் நனைத்துக்கொண்டு வருவார். துடைக்க மாட்டார். நின்றுகொண்டே படிப்பார். என் கையில் சிவப்புப் பேனா. அவருக்கு எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே நான் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு அந்த இடத்தில் வாக்கியத்தை முடித்துவிட வேண்டும். கை காய்வதற்குள் தாள் முடிந்துவிட்டால் ஒட்டலாம். காய்ந்துவிட்டால், "பேடப்பா, பேடா" என்று தலையை ஆட்டுவார். வேண்டாம் என்று அர்த்தம். தமிழில் பட்டம் வாங்கிய நான், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவர் முன்னால் பேனாவோடு நின்று மூச்சுக் கணக்கு வைத்தது முதல் மாதம் எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. இரண்டாம் மாதம் புரிந்தது. அவர் தடுக்கிய இடத்தில் எல்லாரும் தடுக்கினார்கள்.

வேறு சில விஷயங்களும் சொல்வார். முதல் வரியில் புத்தி சொன்னால் ஒருத்தனும் நிற்க மாட்டான். யார் செய்தது என்று இல்லாமல் எழுதினால் படிக்கிறவன் நம்ப மாட்டான். பெயர் போடக் கூடாது, ஆனால் கண்ணால் பார்த்த மாதிரி ஒரே ஒரு விஷயம் இருக்க வேண்டும். ஒருமுறை போனில் பேசிக்கொண்டு நடந்தவர் கால்மேல் ஃபோர்க்லிஃப்ட் ஏறியது. முனையில் இரும்புத் தொப்பி வைத்த ஷூ இருந்ததால் கால் பிழைத்தது. அந்தத் தாளின் கடைசி வரியாக, "நசுங்கிய ஷூ ருத்ரப்பா சார் மேஜைமேல் இருக்கிறது, பார்க்க வரலாம்" என்று எழுதினேன். ஒரு வாரம் அவர் அறைக்குச் சாமி தரிசனம் போல வரிசை. அவர் ஒருபக்கம் எரிந்து விழுந்தாலும் ஷூவை எடுக்கவில்லை.

இனி கலைவாணி.

தகட்டை அச்சில் அழுத்தி உதிரியாக்கும் சின்ன பிரஸ் மிஷின்கள் இருக்கும் பகுதியில் காண்ட்ராக்டில் வேலை செய்த பெண். இருபத்து மூன்று வயது. ராயக்கோட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். வழியெல்லாம் மடியில் மல்லியை வைத்துக்கொண்டு கட்டிக்கொண்டே வருவாள். பஸ் ஓசூருக்குள் நுழையும்போது சரம் முடிந்திருக்கும். இறங்கும் பெண்களுக்கெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக் கொடுப்பாள். பஸ் குலுங்கினாலும் அவள் விரல் நிற்காது என்பார்கள்.

அவள் நின்ற மிஷினில் இரண்டு பொத்தான்கள். இடது கையால் ஒன்று, வலது கையால் ஒன்று, இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்கு அடியில் கை போக வழியில்லை. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அது மெதுவான வேலை. ஒரு பொத்தானில் அட்டையை மடித்துச் செருகிவிட்டால் அது அழுத்தியபடியே நிற்கும். ஒரு கை மிச்சம். அந்தக் கையால் தகட்டை எடுத்து வைக்கலாம். ட்ரே சீக்கிரம் நிரம்பும். புது மிஷின்களில் இந்த வேலை நடக்காது. அது பழைய மிஷின். எல்லோருக்கும் அட்டை தெரியும். நாங்கள் போனால் அட்டை காணாமல் போகும், திரும்பினால் வந்துவிடும்.

அப்படி அட்டை இருந்த ஒரு மதியம் கலைவாணியின் இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் வாக்குமூலம் வாங்கினேன். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தாள். அட்டையை யார் செருகியது என்பதுதான் நான் கேட்ட கேள்வி. அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வந்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

"நான் ஷிஃப்ட்டுக்கு வரும்போதே அட்டை இருந்துச்சு சார், நைட் ஷிஃப்ட்டுக்காரங்க வெச்சதா இருக்கும், நான் எடுத்துக் கீழ போட்டேன், போட்டது ஞாபகம் இருக்குது, அப்பறம் லீடரக்கா வந்து என்னாடி இன்னும் ட்ரே ரொம்பலன்னு கேட்டாங்க, கேட்டுட்டு அங்கியே நின்னாங்க, கீழ குனிஞ்சாங்க, நானும் குனிஞ்சேன், தகடு விழுந்துச்சுன்னு குனிஞ்சேன், அப்பறம் பார்த்தா அட்டை இருக்குது, நான் வெச்சனா, அவங்க வெச்சாங்களா, எனக்கு நெசமாவே தெரியல சார், வலி வந்ததுக்கு அப்பறம் எல்லாம் கலங்கிப்போச்சு."

லைன் லீடரிடமும் கேட்டேன். அந்த அம்மா நிமிர்ந்து நின்று ஒரே வரியில் சொன்னார்: "நான் வைக்கல சார், அந்தப் பொண்ணுதான் வெச்சுது."

மறுநாள் மதியத்துக்குள் தாள் ஒட்டியாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கலைவாணி சொன்னதைச் சுருக்கி முதலில் எழுதிக் கொண்டுபோனேன். வந்தபோதே இருந்தது, எடுத்தாள், லீடர் வந்தார், இருவரும் குனிந்தார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. ருத்ரப்பா கை நனைத்துக்கொண்டு வந்து படித்தார். பாதியிலேயே கை காய்ந்துவிட்டது. "யாருப்பா வெச்சது? படிக்கிறவன் அதைத்தானே கேப்பான்? இதுல அட்டை வருது, போவுது, மறுபடி வருது. எனக்கே தல சுத்துது" என்றார். தெரியவில்லை சார் என்றேன். அவருக்கு மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. "எதுனா பண்ணு மேஷ்ட்ரே, கை காயறதுக்குள்ள முடியணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் இரண்டு வாக்குமூலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று தெளிவாக இருந்தது, மற்றது குழம்பியிருந்தது. தெளிவாக இருந்ததை நம்பினேன். அவ்வளவுதான் நடந்தது. லீடருக்கு வேண்டப்பட்டவனாக நான் இருந்ததில்லை, யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை. வருடக்கணக்காகத் தெளிவான வாக்கியத்தைத் தேடித் தேடி, தெளிவாகப் பேசுகிறவர் உண்மை பேசுகிறார் என்று எனக்கே தெரியாமல் நம்பப் பழகியிருந்தேன். இப்படி எழுதினேன்:

"மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவள் இடது பொத்தானில் அட்டையைச் செருகினாள். இப்போது இடது கை சும்மா இருந்தது. அந்தக் கையால் தகட்டை எடுத்து வைத்தாள். மூன்று தகடு நன்றாக வந்தது. நான்காவது தகடு கொஞ்சம் நகர்ந்தது. அதைச் சரி செய்யக் கையை நீட்டினாள். அச்சு இறங்கியது. இப்போது அவள் பஸ்ஸில் பூ கட்டுவதில்லை."

மீட்டிங்கிலிருந்து வந்த ருத்ரப்பா ஈரக் கையோடு படித்தார். ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. கடைசி வரி வந்ததும் அப்படியே நின்றார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

தாள் ஒட்டிய அன்று கேன்டீனில் சத்தமே இல்லை. கழுவி முடித்தவர்கள் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ராயக்கோட்டை பஸ் பெண்கள் இரண்டு பேர் சாப்பிடாமலே திரும்பிப் போனார்கள். அடுத்த சில மாதங்கள் எந்த மிஷினிலும் ஓர் அட்டை எங்கள் கண்ணில் படவில்லை. நாங்கள் ஒளிந்திருந்து பார்த்தும்கூட.

மூன்று வாரம் கழித்துக் கேட்டிலிருந்து செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டார். வெளியே கலைவாணி நின்றிருந்தாள். கை துப்பட்டாவுக்குள் இருந்தது. காண்ட்ராக்டர் அவளை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, நீயே அட்டை வைத்தாய், கம்பெனியே எழுதி ஒட்டியிருக்கிறது என்றாராம்.

"நான்தான் வெச்சேன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டாள்.

"உன் பேரை நான் போடலியேம்மா" என்றேன். எவ்வளவு மட்டமான பதில்.

"பூவைப் போட்டீங்களே சார்."

அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். நான் உள்ளே வந்து ருத்ரப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அவளுடைய வாக்குமூலத்தைக் கொண்டுவரச் சொன்னார். உட்கார்ந்து, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, முழுதாகப் படித்தார். கால் மணி நேரம் ஆயிற்று. தடுக்கிய இடங்களில் எல்லாம் திரும்பிப் போய்ப் படித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு மூச்சு வாங்குதுன்னு இதை எடுத்துட்டியா?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு, ஆட்களைக் கவனிக்கும் பர்சனல் ஆபீசுக்குப் போனார். அங்கே அவர் கையெழுத்துப் போட்ட தாளையே எடுத்து அவர் முன்னால் நீட்டினார்கள். நீங்களே இப்படி எழுதிவிட்டு இப்போது தெரியவில்லை என்றால் எப்படி என்று கேட்டார்களாம். திரும்பி வந்தவர் நேராகக் கேன்டீனுக்குப் போய்க் குழாய்மேல் இருந்த தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். "அவ சொன்னது பூராவும் எழுதி ஒட்டு மேஷ்ட்ரே. ஒரு எழுத்து விடாதே" என்றார்.

அப்படியே எழுதினேன். அட்டை இருந்தது, எடுத்தது, நின்றது, குனிந்தது, எல்லாம். இரண்டு பக்கம் வந்தது. அந்த முறை ருத்ரப்பா கையை நனைக்கவில்லை. ஒட்டினோம். வந்தவர்கள் இரண்டு வரி படித்துவிட்டுச் சாம்பாருக்கு நகர்ந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் முழுதும் படித்துவிட்டு என்னிடம் வந்து, "என்னா சார் கொழப்பறீங்க? அப்ப யாருதான் வெச்சாங்க?" என்று கேட்டார். அந்த மாதமே பிரஸ் பகுதியில் ஒரு மிஷினில் மடித்த அட்டை இருந்தது. நான்தான் பிடுங்கினேன்.

கலைவாணி திரும்ப வேலைக்கு வரவில்லை. ருத்ரப்பா அதற்கு அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். அதன் பிறகு நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. இப்போது அவர் இல்லை.

எங்கே தப்பு என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். பிடிபட்டது பாதிதான். பொய் வரி இருந்த தாளை எல்லாரும் நின்று படித்தார்கள், அட்டை ஒழிந்தது. உண்மை முழுக்க இருந்த தாளை ஒரே ஒருவரைத் தவிர யாரும் முழுதாகப் படிக்கவில்லை, அட்டை வந்துவிட்டது. என் பிரிவுபசாரத்தன்று வெங்கடேசலு என்ற பழைய பிரஸ் ஆபரேட்டர் மேடைக்கு வந்து, மைக்கை வாங்காமல், இரண்டு கைகளையும் விரித்துப் பத்து விரலையும் கூட்டத்துக்குக் காட்டினார். "இது சாரோட பூத் தாளு காப்பாத்தனது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். அவருடைய பத்து விரலும் எனக்குச் சந்தோஷம்தான். அதே நேரத்தில் எழுந்து ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது.

அந்தத் தாளைத்தான் திவ்யா மூன்று பிளான்ட்டிலும் ஒட்டப் போகிறாள். அவள் எடுத்துப் பார்த்த ஃபைலில் வாக்குமூலம் இல்லை, அது என் பீரோவில் இருக்கிறது. பூ கட்டுகிற பெண் அட்டை வைத்தாள் என்று இன்னும் ஓராயிரம் பேர் படிக்கப் போகிறார்கள். இந்த முறையும் நான் கலைவாணியைக் கேட்காமல் விட்டால் மனிதனே இல்லை என்று தோன்றியது. ராயக்கோட்டை பஸ்ஸில் முன்பு வந்த ஒரு பெண்மணியைப் பிடித்து விசாரித்தேன். கலைவாணி அங்கேதான் தக்காளி மண்டியில் இருக்கிறாள் என்றார்.

போன வியாழக்கிழமை போனேன். மண்டியில் காலை நெரிசல் ஓய்ந்திருந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பழத்தையும் காயையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கலைவாணி அவர்களுக்கு மேஸ்திரி. கவிழ்த்த பிளாஸ்டிக் தக்காளிக் கிரேட்மேல் உட்கார்ந்து, ஆந்திராவுக்குப் போகும் லோடுக்காக ஒரு டிரைவரிடம் தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். இன்னொரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, "உக்காருங்க சார். என்னா, இவ்ளோ தூரம்?" என்றாள்.

திவ்யா கேட்டதைச் சொன்னேன். தாளைக் கொடுத்தேன். மூன்று விரல் இருந்த கையில் வாங்கிப் படித்தாள். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "போட வேண்டாம்னா நிறுத்தச் சொல்றேம்மா. இல்ல, பூவை மட்டும் எடுத்துடச் சொல்றேன். உன்னை யாருக்கும் தெரியாது" என்றேன். என் தப்பு பூவில்தான் இருந்தது என்று அவ்வளவு வருடமும் நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

"பூ இருக்கட்டும் சார். அது நெசந்தானே" என்றாள். "ஒரு வருசம் கட்டல. கைய பார்த்தாலே அழுவேன். அப்பறம் மூணு வெரலுக்குப் பழகிடுச்சு. இப்ப கட்டறேன். வேணும்னா அதையும் சேத்துப் போட்டுக்கோங்க."

"அப்ப அட்டை?"

"அதானே சார். அன்னிக்கு நான் என்னா சொன்னேன்? தெரியலன்னு சொன்னேன். இன்னிக்குக் கேட்டாலும் தெரியல. படுத்தா அதே ஓடும். நான் குனிஞ்சேன், அக்கா குனிஞ்சாங்க, அட்டை இருந்துச்சு. நானே வெச்சிருந்தாலும் வெச்சிருப்பேன். அவங்க பாவம், அவங்களயும் மேல இருந்து ட்ரே ட்ரேன்னு நசுக்கினாங்க. நான் அவங்க மேல பழிய போடல. என் மேலயும் போடாதீங்கன்னுதான் கேட்டேன்."

மன்னித்துவிடும்மா என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லப் பதினாறு வருடம் ஆனதில் எனக்கே என்மேல் கோபம் வந்தது.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு சார்? தெரியாததைத் தெரியலன்னே எழுத முடியாதா? அதுக்கு என்னா பெரிய படிப்பு வேணும்?" அதற்குள் லோடு டிரைவர் மறுபடி கத்த ஆரம்பித்தான். அவள் எழுந்து போய்விட்டாள். எனக்கு டீ வந்தது, யார் சொல்லி வந்தது என்று தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தெரியாததை எழுத வேண்டுமென்றால் குழப்பமாகத்தான் எழுத முடியும் என்று நான் நினைத்திருந்தேன். வேறு ஒரு வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ருத்ரப்பாவுக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதினேன்:

"மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. இடது பொத்தானில் ஓர் அட்டை இருந்தது. அதை யார் வைத்தது என்று தெரியவில்லை. மிஷினில் நின்ற பெண்ணுக்கும் தெரியவில்லை. இப்படி அட்டை வைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது அவள் இடது கை சும்மா இருந்தது. அந்தக் கையால் தகட்டை எடுத்து வைத்தாள். மூன்று தகடு நன்றாக வந்தது. நான்காவது தகடு கொஞ்சம் நகர்ந்தது. அதைச் சரி செய்யக் கையை நீட்டினாள். அச்சு இறங்கியது. ஒரு வருடம் அவள் பூ கட்டவில்லை."

சமையலறைக் குழாயில் கையை நனைத்துக்கொண்டு வந்தேன். என் மனைவி, "கை தொடைக்காம எங்க போறீங்க?" என்று கேட்டாள். நின்றபடி, ருத்ரப்பா படிப்பது போல எழுத்துக் கூட்டி, விரல் வைத்துப் படித்தேன். எங்கும் மூச்சு வாங்கவில்லை. முடித்தபோது கையில் இன்னும் ஈரம் இருந்தது.

இதைப் படித்து யாராவது அட்டையை எடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. திவ்யாவுக்கு அனுப்பினேன். "நல்லா இருக்கு சார், ஆனா யாருன்னு சொல்லாம விட்டா கேள்வி கேப்பாங்களே?" என்று பதில் போட்டாள். கேட்கட்டும் என்று போட்டேன். ஒட்டுவாளா என்று தெரியவில்லை.

கலைவாணிக்கும் போனில் அனுப்பினேன். சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். பின்னால் கிரேட்டுகளை லாரியில் ஏற்றும் சத்தம் கேட்டது. ஹலோ என்றுகூடச் சொல்லாமல் தாளை முதல் வரியிலிருந்து எனக்குப் படித்துக் காட்டினாள். "யார் வைத்தது என்று தெரியவில்லை" என்ற வரியை இரண்டு முறை படித்தாள்.

"இவ்ளோதானா சார்?" என்றாள்.

"இவ்வளவுதாம்மா."

"இதை அன்னிக்கே எழுதியிருக்கலாமே சார்."

எழுதியிருக்கலாம்.